அச்சமும் அடைக்கலமும்

2023ஆம் வருஷம் டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்னால், எண்ணூர் பெரியகுப்பத்துக் கடலடியில் போகும் குழாய் ஒன்றிலிருந்து அம்மோனியா கசிந்தது. உறங்கிக் கொண்டிருந்த ஜனங்கள் கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாக எழுந்து, கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள். இது பத்திரிகையில் வந்த சமாசாரம். வராத சமாசாரம் ஒன்று உண்டு. அன்று விடியற்காலை மூன்றரை மணிக்கு ராயபுரத்தில் என் வீட்டுக் கதவை ஒருவர் தட்டினார்.

எண்பதை நெருங்கும் ஓர் அம்மாள். என் பிள்ளைப் பிராயத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தவர். பிறகு மகனின் உத்தியோகத்தை முன்னிட்டு எண்ணூர்ப் பக்கம் போய்விட்டவர். மகன் அவரை ஆட்டோவிலிருந்து இறக்கிவிட்டு, மற்றவர்களை அழைத்து வரத் திரும்பிப் போனான். அம்மாளின் கையில் ஒரு துணிப்பை. அதில் குடும்ப அட்டை, பாங்குப் புத்தகம், ரத்த அழுத்த மாத்திரை, ஜெபமாலை, பிறகு அட்டை கிழிந்த ஒரு பழைய புத்தகம். முகத்தைக் கழுவிக் கொண்டு படுங்கள் என்றேன். அவர் படுக்கவில்லை.

“வெளக்கப் போடு நைனா” என்றார். விடியும் வரை உதடு அசைய அந்தப் புத்தகத்தை வாசித்துக் கொண்டிருந்தார்.

எட்டிப் பார்த்தேன். 'மோட்சப் பிரயாணம்'. ஜான் பனியன் எழுதிய கதையின் வசன மொழிபெயர்ப்பு. 1985இல் தீக்கு இரையான மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் எப்போதோ அவருடைய கணவர் வாங்கியதாம். அம்மாள் ராயப்பர் கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கர். இது புரொட்டஸ்டண்டுகள் வீட்டில் இருக்கிற புத்தகம் ஆயிற்றே என்றேன். பயந்துகொண்டு ஓடுகிறவனுக்கு எந்தச் சபை என்று திருப்பிக் கேட்டார்.

நேயர்களிடம் ஒன்றை ஒப்புக் கொண்டு விடுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு உண்டானது பக்தியும் அல்ல, இரக்கமும் அல்ல; பொறாமை. நாற்பது வருஷமாக நாவல் எழுதுகிறேன். விஷக் காற்று வீசுகிற இரவில், எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாத அரை நிமிஷத்தில், என் புத்தகம் ஒன்றை யாராவது பைக்குள் போட்டுக் கொண்டு ஓடியிருப்பார்களா? அந்தப் பொறாமையில் பிறந்தது இந்தக் கட்டுரை.

இன்னொரு சங்கடமும் உண்டு. மனசுக்கு ஆறுதல் தருவதையே தொழிலாகக் கொண்ட எழுத்து இரண்டாந்தரமான எழுத்து என்று பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு மாதப் பத்திரிகையில் நான் ஆணித்தரமாக எழுதியிருக்கிறேன். இலக்கியம் தூக்க மாத்திரை அல்ல என்பது என் வாதம். வாதம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அம்மாள் தூங்கவில்லையே! மாத்திரையாக இருந்தால் தூங்கியிருப்பார்.

ராயபுரத்துக்குப் பயம் புதிதல்ல. இந்தப் பேட்டையின் பெயரே ஒரு மீன்பிடிக்காரரின் பெயர் என்பார்கள். பழைய தமிழ்க் கிறிஸ்தவர்கள் பேதுருவை இராயப்பர் என்றார்கள். இராயப்பர் ஊர் ராயபுரம் ஆயிற்று. அர்ச். ராயப்பர் கோயிலை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டியவர்கள் இங்கிருந்த படகுக்காரர்கள். அன்று சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அங்கிருந்து கரைவரையில் மூன்று வரிசை அலைகளைத் தாண்டி, சரக்கையும் துரைமார்களையும் மசூலாப் படகில் கொண்டு வந்து சேர்ப்பது இவர்கள் வேலை. அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலை மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும்.

1876இல் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பரில், வேலை முடியும் தறுவாயில், ஒரு புயல் அடித்து அதைக் குலைத்துப் போட்டது. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் இங்கிருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. ஊர் மூட்டை கட்டியது. ஒரு சொல் மட்டும் தமிழில் தங்கிவிட்டது. கெட்டிக்காரப் போக்கிரியை இன்றைக்கும் எம்டன் என்கிறோம். 1942இல் ஜப்பான்காரன் வருகிறான் என்று மறுபடியும் மூட்டை. 1943 அக்டோபரில் ஒரு விமானம் வந்து துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டும் போயிற்று. 2004இல் சுனாமி. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் ஜனங்கள் வாளியால் அந்தக் கரிய சேற்றை அள்ளினார்கள். 2023 டிசம்பர் ஆரம்பத்தில் வெள்ளத்தோடு எண்ணெய் மறுபடி எண்ணூர்க் கழியில் பரவியது. மாதம் முடிவதற்குள் அம்மோனியா.

இத்தனை பயம் விளைந்த மண்ணில் பயத்தைப் பற்றிய ஒரு பெரிய புத்தகம் எழுதப்படவில்லை. எழுதியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் பயந்தவர்கள் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலிருந்து கடன் வாங்கிக் கொள்ள வேண்டியிருக்கிறது.

கடன் கொடுத்தவர் பணக்காரர் அல்ல. பனியன் 1628இல் பெட்போர்டுக்கு அருகில் பிறந்தவர். பாத்திரத்துக்கு ஈயம் பூசி ஒட்டுப் போடுகிற தொழில். அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்தார் என்று 1660இல் சிறையில் போட்டார்கள். பன்னிரண்டு வருஷம் இருந்தார். வீட்டில் கண் தெரியாத மகள். சிறைக்குள் காலணிக் கயிறு பின்னிக் குடும்பத்துக்குக் காசு அனுப்பினார். 'மோட்சப் பிரயாணம்' 1678இல் அச்சாயிற்று.

இவர் தன் வாலிபத்தைப் பற்றி வேறொரு புத்தகத்தில் எழுதியிருக்கும் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். கோயில் மணி அடிப்பது அவருக்கு ஆசை. அது வீண் ஆசை என்று மனசு உறுத்தவே, அடிப்பதை விட்டுவிட்டு வேடிக்கை மட்டும் பார்த்தார். பிறகு, மணி அறுந்து தலைமேல் விழுந்தால் என்ன செய்வது என்று உத்தரத்துக்கு அடியில் ஒதுங்கி நின்றார். மணி சுவரில் பட்டுத் தெறித்து வந்தால்? வாசற்படிக்கு வந்தார். கோபுரமே சாய்ந்தால்? ஓடிவிட்டார். பயம் எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடக் கச்சிதமாகச் சொன்ன எழுத்து அபூர்வம். பாதுகாப்பான இடம் ஒவ்வொன்றும் அடுத்த பயத்துக்குத் திண்ணை போட்டுக் கொடுக்கிறது. ராயப்பர் கோயில் மணி அடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன் நினைவுக்கு வருகிறான்.

பயத்தை அறிந்த மனிதர் எழுதியதால்தான் 'மோட்சப் பிரயாணம்' ஆறுதல் தருகிறது என்பது என் அபிப்பிராயம். அதில் வரும் சந்தேகக் கோட்டையை எடுத்துக் கொள்ளுங்கள். யாத்திரிகர் இருவரையும் ராட்சசன் பிடித்து நிலவறையில் அடைக்கிறான். புதன்கிழமை காலையிலிருந்து சனிக்கிழமை இரவு வரை அடி, பட்டினி. தற்கொலை செய்து கொள்ளுங்கள் என்று அவனே யோசனையும் சொல்கிறான். கடைசியில் ஒருவன், தன் மடியில் வாக்குத்தத்தம் என்ற சாவி இருப்பதை நினைத்துக் கொள்கிறான். அதுவரையில் ஏன் நினைவு வரவில்லை என்று நாவலாசிரியன் கேட்பான். பயந்தவன் கேட்கமாட்டான். மடியில் இருப்பது பயத்தில் மறந்து போகும் என்று அவனுக்குத் தெரியும். வெளிவாசல் பூட்டு அந்தச் சாவிக்கும் லேசில் திறக்கவில்லை. மிகவும் முரண்டு பிடித்தது என்று மெனக்கெட்டு எழுதுகிறாரே பனியன், அங்கேதான் நான் அவருக்குத் தலைவணங்குகிறேன். போலி ஆறுதல் எழுதுகிறவனாக இருந்தால் எல்லாக் கதவும் தானே திறந்திருக்கும்.

முடிவில் ஓர் ஆறு வருகிறது. பாலம் இல்லை. இவ்வளவு தூரம் எல்லாவற்றையும் ஜயித்து வந்தவன் அங்கே மறுபடி பயந்து போகிறான், மூழ்குகிறான், கரை கண்ணுக்குத் தெரியவில்லை. கூட வந்த தோழன் அவன் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கொண்டு, தன் காலுக்குத் தரை அகப்படுகிறது என்று சொல்லித் தேற்றுகிறான். அதே ஆற்றை இன்னொரு ஆசாமி கால் நனையாமல் கடக்கிறான். வீண் நம்பிக்கை என்ற பெயருள்ள ஓடக்காரன் அவனைப் படகில் வைத்துக் கொண்டு போய் விடுகிறான். பயந்து மூழ்கினவனுக்கு நகரத்தின் வாசல் திறக்கிறது. பயமே இல்லாமல் சொகுசாக வந்தவனுக்குத் திறக்கவில்லை. விசுவாசம் என்றால் பயம் இல்லாமை என்று பிரசங்கிக்கிறவர்கள் இந்தப் பக்கங்களை எப்படித் தாண்டிப் போகிறார்களோ!

இந்தக் கதைக்குத் தமிழில் ஒரு காவியமே இருக்கிறது என்பது நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்'. பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகத்தில் நாலு பாட்டுப் படித்து, கிறிஸ்தவக் கம்பர் என்ற பட்டத்தையும் மனப்பாடம் செய்து, மார்க்கு வாங்கிக் கொண்டு மறந்துவிடுகிற நூல். நான் அதை முழுவதும் வாசித்தது, அம்மாள் வந்து போன பிறகுதான். வெட்கத்தோடு சொல்கிறேன்.

கிருஷ்ண பிள்ளை 1827இல் திருநெல்வேலிச் சீமையில் கரையிருப்பில் பிறந்தார். வைணவ வேளாளர், கம்பனில் ஊறியவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தார். 1858இல் சென்னைக்கு வந்து ஞானஸ்நானம் பெற்றார். பனியனைத் தமிழில் பாட எடுத்துக் கொண்டு, 'நற்போதகம்' பத்திரிகையில் பதின்மூன்று வருஷம் தொடர்ந்து எழுதினார். தொடர்கதை எழுதி அவதிப்பட்டவர்களுக்குத்தான் அந்தப் பதின்மூன்று வருஷத்தின் எடை தெரியும். 1894இல் புத்தகமாக வந்தது. ஐந்து பருவங்கள், மூவாயிரத்து எழுநூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள்.

முதலில் நிறையைச் சொல்ல வேண்டும். பனியனின் கதையை மட்டும் சொல்லிக் கொண்டு போகாமல், கிறிஸ்துவின் பாடுகளையே நடுவில் ஒரு பெரிய படலமாகப் பாடிச் சேர்த்தாரே, அது நல்ல கவிஞனின் துணிச்சல். பனியனுக்கு அது தேவைப்படவில்லை. அவருடைய வாசகனுக்குச் சிலுவை என்ற ஒரு சொல் போதும். தமிழ் வாசகனுக்குக் கதை வேண்டும் என்று கிருஷ்ண பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அடிபட்டவரைப் பார்த்து ஜெருசலேம் நகரத்து மாந்தர் அழுவதைப் பாடும்போது, காட்டுக்குப் போகும் ராமனைப் பார்த்து அயோத்தி அழுத அழுகை அவருக்குக் கை கொடுத்திருக்கிறது. மதம் மாறினவர் காதை மாற்றிக் கொள்ளவில்லை.

குறை அதே காதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கம்பனுடைய விருத்தம் தண்ணீரில் மிதக்கிற ராஜ படகு. அதில் ஏறினவனுக்கு மூழ்குகிற பயம் வராது. யாத்திரிகன் திகைக்கிறான் என்று பாட்டுச் சொல்கிறது. பாட்டின் நடை திகைக்கவில்லை. அடுத்த அடியில் எதுகை வந்துவிடும், அதற்கடுத்ததில் உவமை வந்துவிடும் என்று வாசகனுக்கு உறுதி இருக்கும்போது, கதாநாயகனின் கதியைப் பற்றி அவன் ஏன் கவலைப்பட வேண்டும்? பனியனின் ஒட்டுப்போட்ட வசனத்தில் அந்த உறுதி கிடையாது. அடுத்த வாக்கியத்தில் தரை இருக்குமா என்று கால் துழாவுகிறது. அம்மாள் எடுத்துக் கொண்டு ஓடி வந்தது வசனம், காவியம் அல்ல. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. காவியத்தில் பாதி அவருக்குப் புரியாது என்று பண்டிதர்கள் சொல்லக் கூடும். சொல்லட்டும். கம்ப ராமாயணம் புரியாத பாட்டிமார் அதைக் கேட்டுக் கண்ணீர் விட்ட தேசம் இது.

நூலுக்குள் தேவாரம் என்ற பெயரிலேயே அவர் பாடிச் சேர்த்திருக்கும் பதிகங்கள் வேறு சாதி. அங்கே காவியக் கவி ஒதுங்கிக் கொள்கிறார். ஒரு தனி மனிதன் உருகுகிறான். ஆனால் தேவாரம் என்ற பெயரைக் கேட்டவுடன் ராயபுரத்துக்காரனான எனக்குத் திருவொற்றியூர் நினைவு வந்துவிடுகிறது. என்ன செய்வது, நான் பிறந்தது சைவக் குடும்பம். வெள்ளிக்கிழமைதோறும் தகப்பனாரோடு தியாகேசர் சந்நிதிக்கு நடந்தவன். அங்கே மகிழ மரத்தடியில்தான் சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தார். சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் போயிற்று என்று பெரிய புராணம் சொல்கிறது. கண் போன மனிதர் என்ன செய்தார்? கடவுளோடு வழக்காடினார். கோபித்துக் கொண்டார், குத்திக் காட்டினார், கேலி செய்தார். நம்பிக்கை அந்த வழக்கினால் உடையவில்லை. வழக்காடுகிற அளவுக்கு உறுதியாக இருந்தது. கிருஷ்ண பிள்ளையின் தேவாரத்தில் உருக்கம் உண்டு, வழக்கு இல்லை. புதிதாக வந்த வீட்டில் மரியாதையாக இருக்கிற மாப்பிள்ளை மாதிரி, அவர் குரலை உயர்த்துவதே இல்லை. அந்த மரியாதையை நான் மதிக்கிறேன். ஆனால் பயந்தவனுக்கு இரவில் தேவைப்படுவது சில சமயம் மரியாதை அல்ல.

சுவிசேஷத்திலேயே வழக்கு இருக்கிறது. புயலில் படகு முழுகப் போகிறது. ஆண்டவர் பின்புறத்தில் தலையணை வைத்துக் கொண்டு தூங்குகிறார். சீடர்கள் அவரை எழுப்பிக் கேட்கிற கேள்வியில் பக்தி இல்லை. நாங்கள் சாகிறோமே, உமக்குக் கவலையே இல்லையா என்கிற ஆத்திரம்தான் இருக்கிறது. அவர்கள் தொழில் தெரிந்த மீனவர்கள். எந்த அலைக்குப் பயப்பட வேண்டும் என்பது தெரிந்தவர்கள்.

மறுநாள் காலைக் காப்பி குடிக்கும்போது இதை அம்மாளிடம் சொன்னேன். எனக்கு இந்தக் கதையில் ஒன்று புரியவில்லை. அந்த நேரத்தில் ஒருவர் எப்படித் தூங்க முடியும் என்றேன்.

“தூங்கினாருதான். படகுலதானே தூங்கினாரு நைனா? கரையிலயா தூங்கினாரு?” என்றார்.

இருபது வருஷமாக வேதாகம வியாக்கியானங்களை வாசித்தவன் நான். இந்த ஒரு வரி அவற்றில் இல்லை.

அவர் அதைச் சொல்ல உரிமை பெற்றவர் என்பதையும் எழுதத்தான் வேண்டும். 2004ஆம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு அவருடைய தம்பி வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார். டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை கண்டுவிட்டுக் கடற்கரைக்கு நடந்தவர் திரும்பவில்லை. அன்று தமிழ்நாட்டில் மாண்டவர்களில் பெரும்பகுதியினர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாண்டவர்கள். வேளாங்கண்ணிக் கரையில் மட்டும் நூற்றுக்கணக்கான யாத்திரிகர்கள். அலை ஆலயத்துக்குள் புகவில்லை என்ற செய்தி அப்போது நாடெங்கும் பரவியது. அதை வைத்துக் கொண்டு சாட்சிப் பிரசங்கங்களும் கட்டுரைகளும் குட்டிப் புத்தகங்களும் வந்தன. உள்ளே இருந்தவர்கள் காக்கப்பட்டார்கள் என்பது அவற்றின் சாரம்.

விமர்சகன் என்ற முறையில் நான் எதிர்க்கிற எழுத்து இதுதான். பெயர் சொல்லி யாரையும் புண்படுத்த விரும்பவில்லை. அந்தக் குட்டிப் புத்தகங்கள் என் மேஜையிலும் இரண்டு மூன்று கிடக்கின்றன. நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் உள்ளே இருந்தவன் பிழைத்ததற்குக் காரணம் விசுவாசம் என்று எழுதுகிற பேனா, வெளியே இருந்தவனுக்கும் ஒரு காரணம் எழுதியே தீர வேண்டும். அதை எழுதாமல் வெள்ளைத் தாளாக விட்டுவிட்டால் வாசகி தானே எழுதிக் கொள்வாள். தம்பியைப் பறிகொடுத்த அக்கா, பூசை முடிந்து ஏன் கடற்கரைக்குப் போனான், ஏன் கோயிலிலேயே இருக்கவில்லை என்று எத்தனை இரவு கணக்குப் போட்டிருப்பாள்! ஆறுதல் சொல்ல வந்தவர்கள் அவள் கையில் கொடுத்தது அந்தக் கணக்குப் புத்தகம். இன்ஷுரன்ஸ் கம்பெனி விளம்பரம்போல எழுதப்படுகிற பக்தி இலக்கியம் எந்த மதத்தில் வந்தாலும் அதன் லட்சணம் இதுதான். பிழைத்தவர்களுக்கு மட்டும் எழுதப்பட்டது அது.

சுனாமி வந்த அதே 2004இல் ஒரு தமிழ் நாவல் வெளியாயிற்று. ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு'. தெற்கே ஆமந்துறை என்ற கற்பனைக் கிராமத்துப் பரதவர்களின் ஐம்பது வருஷக் கதை, 1933இலிருந்து 1985 வரை. கட்டுமரம் சிதைந்து நடுக்கடலில் மூன்று பேர் மிதக்கிறார்கள். அந்த மிதப்பினூடே ஊரின் கதை வருகிறது. ஏராளமான பாத்திரங்கள், ஏராளமான கிளைகள்; நடுவில் சில இடங்களில் எனக்கு யார் யாருக்கு என்ன உறவு என்று தாளில் எழுதி வைத்துக் கொள்ள வேண்டியிருந்தது. வட்டார வழக்கும் சென்னை வாசகனைச் சோதிக்கும். இவற்றைக் குறையாகச் சொன்னாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு நாவல் பெரியது.

பரதவர் கிறிஸ்தவர்களானதே பயத்தில் நடந்த காரியம். 1530களில் கடல் தொழிலில் எதிரிகளால் நெருக்கப்பட்டு, போர்த்துக்கீசியக் கப்பல்களின் பாதுகாப்பை வேண்டி அவர்கள் திரளாக ஞானஸ்நானம் பெற்றார்கள். பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்தது அதற்குப் பின், 1542இல். ஆக, அந்தக் கரையில் விசுவாசம் நுழையும்போதே அதன் ஒரு கையில் பாதுகாப்பு என்கிற வியாபாரச் சீட்டு இருந்தது. நானூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு டி குரூஸ் காட்டுகிற ஊரில் அந்தச் சீட்டு செல்லாது. எல்லாரும் ஜெபம் சொல்கிறார்கள். கடல் யாரையும் விசாரித்துக் கொள்வதில்லை. காகு சாமியார் ஊரின் மனசாட்சியாக இருக்கிறார். அவராலும் அலையை நிறுத்த முடியாது. மிதக்கிற மூவரில் பெரியவர்களான கோத்ராப் பிள்ளைக்கும் சூசைக்கும், சிலுவை என்ற இளைஞனின் உயிர்தான் கணக்கில் இருக்கிறது. தங்கள் உயிர் அல்ல. இதை நாவலாசிரியர் பிரசங்கம் செய்யவில்லை. கை மரத்துப் போவதையும் நாக்கு வறண்டு போவதையும்தான் எழுதுகிறார். பனியனின் ஆற்றில் தோழன் தலையைத் தூக்கிப் பிடித்த கை இதுவேதான். பனியனைக் காவியமாக்கியவரிடம் கிடைக்காத பனியன், அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாத ஒரு நாவலில் கிடைக்கிறார்.

நம் மொழியில் அடைக்கலம் என்று ஒரு சொல் இருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதை விரும்பி எடுத்துக் கொண்டார்கள். வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். இன்று அந்தச் சொல்லை நாம் புகலிடம், ஆபத்தில்லாத இடம் என்ற பொருளில் எடுத்துக் கொள்கிறோம். சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை இருக்கிறதே, அதில் அந்தச் சொல்லின் பழைய எடை இருக்கிறது. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். அந்த அடைக்கலம் கோவலனைக் காப்பாற்றவில்லை. அவன் வெட்டுண்டு போகிறான். செய்தி கேட்டு மாதரி தீயில் விழுகிறாள். கவுந்தி உண்ணாமல் உயிர் விடுகிறார். அடைக்கலம் கொடுத்தவர்கள், அடைக்கலம் வந்தவர்களோடு போய்விடுகிறார்கள். ஆபத்து வராது என்று எழுதிக் கொடுக்கிற பத்திரம் அல்ல அது. படகிலேயே தூங்கினார் என்று அம்மாள் சொன்னதும் இதைத்தான் என்று எனக்குப் படுகிறது. அவர் சிலப்பதிகாரம் வாசித்ததில்லை.

நம்முடைய முதல் நாவலாசிரியர் வேதநாயகம் பிள்ளையும் கத்தோலிக்கரே. 1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சத்தில் அவர் மாயூரத்தில் கஞ்சி ஊற்றினார், கைப்பொருளைக் கரைத்தார். சைவரான கோபாலகிருஷ்ண பாரதி அதைப் புகழ்ந்து பாடினார். ஆனால் 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் அந்தப் பஞ்சத்தின் பசியை நான் காணவில்லை. சிரிப்பும் உபகதையுமாகப் போகிறது நாவல். பயத்தைக் கையால் சந்தித்தவர் பேனாவால் சந்திக்கவில்லை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நான் கஞ்சியும் ஊற்றவில்லை.

என் பழைய கட்டுரையை நான் முழுவதும் வாபஸ் வாங்கவில்லை. பயத்தைத் தொடாமல் ஆறுதலுக்குத் தாவுகிற எழுத்தைப் பற்றி நான் எழுதியது சரிதான். ஆறுதல் என்றாலே அப்படித்தான் இருக்கும் என்று எழுதியது தப்பு.

அம்மாள் மூன்று நாள் எங்கள் வீட்டில் இருந்தார். போகிறபோது புத்தகத்தை என்னிடம் கொடுத்து, தாள் உதிர்கிறது, உனக்குத் தெரிந்த பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வை என்றார். அவர் போன பிறகு புரட்டிப் பார்த்தேன். முன் பக்கங்கள் ஓரளவுக்கு உறுதியாக இருந்தன. உதிர்ந்திருந்தது ஆற்றைக் கடக்கிற இடம். அந்தப் பக்கங்களின் ஓரத்தில் பென்சிலால் தேதிகள். வார்த்தை எதுவும் இல்லை. கணவர் இறந்த தேதி எனக்குத் தெரியும், அது இருந்தது. எனக்குத் தெரியாத தேதிகள் ஏழெட்டு இருந்தன. 26-12-2004 இருந்தது. அதற்குக் கீழே, நடுங்கின கையால், 26-12-2023.

தம்புச் செட்டித் தெருவில் பைண்டர் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். காகிதம் பழசு, நூல் போட்டுத் தைத்துவிடலாம், மூன்று பக்கமும் மிஷினில் வெட்டினால் பார்வையாக இருக்கும் என்றார். தையுங்கள், ஓரத்தை வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.